பனிச்சாலையும் தவக்குலும்



கனடாவில் நவம்பர் பிறந்துவிட்டால் பள்ளிவாசல் முற்றத்தில் பேச்சு மாறிவிடும். ஸலாம் சொல்லி, உடல்நலம் விசாரித்து முடிந்ததும், “டயர் மாற்றியாயிற்றா?” என்ற கேள்வி வந்து நிற்கும். நாங்கள் டொராண்டோவுக்கு வந்த முதல் ஆண்டில் அக்கேள்வியைச் சிரித்துக்கொண்டே கடந்து போனோம். கடந்து போனதன் விலை என்ன என்பதை அல்லாஹ் எங்களுக்கு மிக மென்மையாகவே காட்டினான். அதற்காக அவனுக்கே எல்லாப் புகழும். அந்தப் பாடத்தை இக்குளிர்காலம் தொடங்கும் முன் உங்களோடு பகிர்ந்துகொள்வது எங்கள் கடமை என்று கருதுகிறோம்.

எங்கள் ஊர் காயல்பட்டினம். அங்கே குளிர் என்றால் மார்கழியில் சுப்ஹுக்குப் போகும்போது தலையில் போர்த்திக்கொள்ளும் ஒரு துண்டு, அவ்வளவுதான். உப்பு என்றால் ஊருக்கு அருகே உப்பளங்களில் வெள்ளைக் குன்றுகளாகக் குவிந்து கிடப்பது. அந்த உப்பைச் சாலையில் தூவி, பனியை உருக்கி, அதன்மேல் மனிதர்கள் வண்டி ஓட்டும் நாடு ஒன்று உண்டு என்பதை இங்கு வந்துதான் கண்டோம். குளிர் மிகக் கடுமையானால் அந்த உப்பும் பலனளிக்காது. அப்போது மணலைத் தூவுகிறார்கள் என்பதையும் பிறகுதான் அறிந்தோம்.

அந்த ஆண்டு பனிக்கால டயர் வாங்குவது பற்றி வீட்டில் பேச்சு வந்தது. நான்கு டயருக்கும் பொருத்துக்கூலிக்குமாக ஆகும் தொகையைக் கேட்டபோது திகைப்பாக இருந்தது. ஊரில் ஒரு திருமணத்துக்குப் பணம் அனுப்பிய மாதம் அது. எங்களில் ஒருவர் வாங்கிவிடலாம் என்றார். மற்றவர், “ஊர்ல உம்மா துஆச் செஞ்சுக்கிட்டுத்தான இருக்காங்க, அல்லாஹ் பாத்துக்குவான்” என்றார். யார் சொன்னார், யார் கேட்டார் என்பது இப்போது முக்கியமன்று. அந்தப் பதில் எங்கள் இருவருக்குமே வசதியாக இருந்தது. பின்னிருக்கையிலிருந்து பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. முந்தைய நாள் மாலை தூறல் பெய்து, இரவில் வானம் தெளிந்து, குளிர் இறங்கியிருந்தது. சுப்ஹு ஜமாஅத்துக்குப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். வீட்டை விட்டு இறங்கும்போதே 10 நிமிடம் தாமதம். இரண்டாவது ரக்அத்தையாவது பிடித்துவிடலாம் என்ற அவசரம். சாலை வெறுமனே நனைந்ததுபோல் கறுப்பாகத் தெரிந்தது. நெடுஞ்சாலைக்கு மேலே செல்லும் பாலத்தில் ஏறியபோது பின்சக்கரங்கள் எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. பிரேக்கை அழுத்த அழுத்த வண்டி ஒரு பம்பரம்போலச் சுழன்று, வந்த திசையையே பார்த்தபடி, ஓரத்தில் ஒதுக்கிக் குவித்திருந்த பனிமேட்டில் மோதி நின்றது. எதிரே வண்டி எதுவும் வரவில்லை. ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

சில நொடிகள் யாரும் பேசவில்லை. பிறகு எட்டு வயது மகள் அழாமல் கேட்டாள்: “அல்லாஹ் பாத்துக்குவான்னு சொன்னீங்களே, அப்ப ஏன் வண்டி சுத்துச்சு?”

“அவன் பாத்ததாலதான் நமக்கு ஒண்ணும் ஆகல” என்று சொன்னோம். அது உண்மைதான். ஆனாலும் அவள் கேட்டதற்கு அது முழு விடையன்று என்பது எங்களுக்குத் தெரிந்தே இருந்தது. அன்று பகல் முழுவதும் அந்தக் கேள்வி தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

ஒட்டகமும் கயிறும்

செய்தி கேட்டு லுஹருக்குப் பிறகு கீழக்கரைப் பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நீண்ட காலம் இந்நகரில் டாக்சி ஓட்டியவர். நாங்கள் மாமா என்று அழைப்போம். தேநீரைக்கூடத் தொடாமல் வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து டயரை விரலால் தடவிப் பார்த்தார்.

“தம்பி, இது வெயில்காலச் செருப்பு. இதப் போட்டு ஐஸ் மேல ஓடச் சொன்னா அது என்ன செய்யும்?” என்றார். பிறகு, “ஒட்டகத்தக் கட்டிட்டு அல்லாஹ் மேல நம்பிக்கை வைங்கன்னு நமக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. கயித்தையே வாங்காம விட்டுட்டு, ஒட்டகம் ஓடிருச்சேன்னு கேக்கலாமா?” என்றார்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, அவிழ்த்து விட்டுவிட்டுத் தவக்குல் வைப்பதா என்று கேட்ட மனிதருக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அளித்த விடையை நாம் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்திருக்கிறோம். திர்மிதீயில் பதிவான செய்தி அது. மேடையில் கேட்கும்போது தலையாட்டிய நாங்கள், பணத்தை எடுத்து வைக்கவேண்டிய நேரத்தில் அதை மறந்துவிட்டோம். தவக்குல் என்ற உயர்ந்த சொல்லைக் கொண்டு எங்கள் கஞ்சத்தனத்தையும் சோம்பலையும் மூடிவைத்தோம். மகளுக்குத் தரவேண்டிய விடை இதுதான் என்பது அப்போது புரிந்தது. அன்றிரவே அவளை அழைத்து, “தப்பு எங்க மேலதான், நாங்க செய்ய வேண்டியத செய்யல” என்று சொன்னோம்.

கட்டவேண்டிய கயிறுகள்

மாமா அன்று சொன்னவற்றையும், அதன்பின் வந்த குளிர்காலங்களில் நாங்கள் பழகிக்கொண்டவற்றையும் வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில் டயர். வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினாலே சாதாரண டயரின் இரப்பர் இறுகத் தொடங்கிவிடும். பனி விழவேண்டும் என்பதில்லை. காய்ந்த சாலையிலும் பிடிமானம் குறையும். பனிக்கால டயரின் இரப்பர் குளிரிலும் மென்மையாக இருக்கும். அதன் பக்கவாட்டில் மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த அடையாளத்தைப் பார்த்து வாங்கவேண்டும். இரண்டு மட்டும் மாற்றிச் சிக்கனம் செய்யலாகாது. நான்கையும் மாற்றினால்தான் முன்னும் பின்னும் ஒரே பிடியில் நிற்கும். பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீட்டரளவுக்குத் தேய்ந்துவிட்டால் பனிச்சாலைக்கு அது உதவாது. கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் அவ்வாறு இல்லை. ஆயினும் பனிக்கால டயர் பொருத்தினால் காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு, கேட்டுப் பெறலாம். வாகனக் காப்பீடு பற்றிய மார்க்க விவாதம் எதுவாயினும், சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கும் நாட்டில் இருக்கிறோம். கிடைக்கும் சலுகையை விடுவானேன்?

குளிரில் காற்றழுத்தமும் குறையும். வெப்பநிலை ஐந்தாறு பாகை இறங்கும்போதெல்லாம் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ இறங்குகிறது. ஆகவே மாதம் ஒருமுறையாவது அளந்து பார்க்கவேண்டும். பேட்டரியும் அப்படித்தான், கடுங்குளிரில் அதன் ஆற்றல் வெகுவாகக் குறைகிறது, அதே நேரத்தில் எஞ்சின் அதிக ஆற்றலைக் கேட்கிறது. நான்கைந்து ஆண்டு பழைய பேட்டரியைக் குளிர் வருமுன் சோதித்துவிடுவது நல்லது. கண்ணாடி கழுவ ஊற்றும் நீலத் திரவம், உறைநிலைக்குக் கீழே 35, 40 பாகை வரை உறையாததாக இருக்கவேண்டும். கோடையில் வெறும் தண்ணீர் ஊற்றியவர்கள் அதை முற்றிலும் வெளியேற்றிவிட்டு நிரப்புங்கள். எரிபொருள் எப்போதும் அரைத்தொட்டிக்குக் குறையாமல் இருக்கட்டும். சாலையில் மணிக்கணக்கில் நின்றுவிட நேர்ந்தால் அதுவே நம் அடுப்பு.

வண்டியின் பின்பெட்டியில் சிறிய பனிமண்வாரி, கண்ணாடி சுரண்டி, சக்கரத்தின் அடியில் தூவ ஒரு பை மணல், பேட்டரிக்கு உயிரூட்டும் கம்பி, கைவிளக்கு, கம்பளி, மாற்றுக் காலுறை, கையுறை ஆகியவற்றை வைத்திருக்கிறோம். அவற்றோடு ஒரு பெட்டி பேரீச்சம்பழமும் தொழுகை விரிப்பும் உண்டு.

பனியில் சிக்கி நின்றுவிட்டால் வண்டியை விட்டு இறங்கி நடக்கக்கூடாது. வண்டியே பாதுகாப்பான கூடு. ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் எஞ்சினை இயக்கிச் சூடேற்றினால் போதும். ஆனால் அதற்குமுன் பின்புறம் சென்று புகைக்குழாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பார்த்துத் துடைத்துவிடவேண்டும். காற்று அடிக்காத பக்கத்துச் சன்னலைச் சிறிது திறந்து வைக்கவேண்டும். அடைபட்ட குழாயிலிருந்து உள்ளே வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. உறங்கியவர் உறங்கியபடியே போய்விடுவார். மூடிய வண்டிக் கொட்டகைக்குள் எஞ்சினைச் சூடேற்றுவதும் அதே ஆபத்துத்தான்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி. தடித்த குளிர்ச்சட்டையோடு குழந்தை இருக்கையில் உட்காரவைத்து வாரை மாட்டினால், வார் இறுக்கமாக இருப்பதுபோல் தோன்றும். மோதும்போது சட்டையின் பஞ்சு நசுங்கி, வார் தளர்ந்து, குழந்தை நழுவிவிடும். சட்டையைக் கழற்றி, வாரை உடலோடு இறுக்கி மாட்டி, அதன்மேல் சட்டையையோ கம்பளியையோ போர்த்துவதே சரியான முறை. நாங்கள் பாலத்தில் சுழன்ற அன்று எங்கள் இளையவன் பெரிய குளிர்ச்சட்டையோடுதான் கட்டப்பட்டிருந்தான். இதைப் பின்னர் அறிந்தபோது எங்களுக்கு ஏற்பட்ட நடுக்கம் அந்தச் சுழற்சியின்போதுகூட ஏற்படவில்லை.

பிறருக்குத் தீங்கு செய்யாதிருத்தல்

அவசரத்தில் பலர் முன்கண்ணாடியில் ஒரு சன்னல் அளவுக்கு மட்டும் சுரண்டிவிட்டுப் புறப்படுகிறார்கள். கூரையின் மேல் ஒரு சாண் பனி அப்படியே இருக்கும். நெடுஞ்சாலையில் வேகம் எடுக்கும்போது அது பாளமாகப் பெயர்ந்து பின்னால் வருபவரின் கண்ணாடியில் விழுகிறது. பிரேக் போட்டால் நம் கண்ணாடியையே மூடுகிறது. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று கற்ற சமுதாயம் நாம். தொல்லையை நாமே சுமந்துகொண்டுபோய்ப் பாதையில் போடலாமா? ஐந்து நிமிடம் முன்னதாக எழுந்து கூரை, விளக்குகள், எண்பலகை அனைத்தையும் துடைத்துவிட்டுப் புறப்படுவதும் ஒரு தர்மமே.

நீல விளக்கு மின்ன முன்னே செல்லும் பனி ஒதுக்கும் வண்டியை முந்தவேண்டாம். அது போன பின்னுள்ள சாலையே நல்ல சாலை. நம் பாதையைத் திறப்பதற்காக இரவெல்லாம் கண்விழிக்கும் அந்த ஓட்டுநருக்கு ஒரு துஆ செய்துகொண்டு பின்னால் போகலாம்.

வேகத்தில் நன்மை இல்லை

வாகனத்தைத் தயார்செய்வது எளிது; பணம் கொடுத்தால் முடிந்துவிடும். நம்மைத் தயார்செய்வதுதான் கடினம்.

டிசம்பர் இறுதியில் டொராண்டோவில் சூரியன் காலை ஏறத்தாழ 7:50க்கு உதித்து மாலை 4:45க்கெல்லாம் மறைந்துவிடுகிறது. லுஹரும் அஸரும் மஃரிபும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நெருக்கும். வேலை முடிந்து வரும் இருட்டில், மஃரிப் தவறிவிடுமோ என்ற பதற்றத்தில், கால் தானாகவே வேகத்தை அழுத்தும். இந்தப் பதற்றத்துக்கு நம் மார்க்கத்திலேயே மருந்து இருக்கிறது. தொழுகைக்கு ஓடி வராதீர்கள், அமைதியாக நடந்து வாருங்கள், கிடைத்ததைத் தொழுது விடுபட்டதை நிறைவுசெய்யுங்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் அறிவுரை. அரஃபாவிலிருந்து திரும்பும் வழியில், பின்னால் மக்கள் ஒட்டகங்களை அதட்டி விரட்டும் ஓசை கேட்டு, அமைதியைக் கடைப்பிடிக்குமாறும் விரைவதில் நன்மை இல்லை என்றும் அவர்கள் உணர்த்தியதை புகாரீ பதிவுசெய்கிறது. ஹஜ்ஜின் பயணத்திலேயே விரைவுக்கு நன்மை இல்லையென்றால், எங்கள் ஸ்கார்பரோ பாலத்தில் ஏது? ஒரு ரக்அத்தைப் பிடிக்க நான்கு உயிர்களை நாங்கள் பணயம் வைத்தோம் என்பதே உண்மை.

ஆகவே இப்போது 15 நிமிடம் முன்னதாகப் புறப்படுகிறோம். முன்வண்டிக்கும் நமக்கும் உள்ள இடைவெளியை இரண்டு மூன்று மடங்காக்குகிறோம். பனிச்சாலையில் வேகத்தைத் தானே நிலைநிறுத்தும் வசதியைப் பயன்படுத்துவதில்லை. பகலிலும் முகப்பு விளக்கை முழுமையாகப் போடுகிறோம். அப்போதுதான் பின்விளக்கும் எரிந்து பின்னால் வருபவருக்கு நாம் தெரிவோம். பாலங்களுக்கு அடியிலும் குளிர்காற்று வீசுவதால் அவை மற்றச் சாலைக்கு முன்பே உறைந்துவிடும். நனைந்ததுபோல் மின்னும் அந்தக் கரும்பனியைத்தான் அன்று நாங்கள் வெறும் ஈரம் என்று நினைத்தோம். வண்டி வழுக்கினால் வேகமிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, போகவேண்டிய திசையையே பார்த்து, சுக்கானை அத்திசைக்கு மெல்லத் திருப்பவேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு உள்ள வண்டியில் நிறுத்த நேர்ந்தால் பிரேக்கை உறுதியாக அழுத்திப் பிடிக்கவேண்டும். காலுக்கடியில் அது துடிப்பது இயல்பே, பயந்து விட்டுவிடக்கூடாது. பயண துஆவை ஓதிவிட்டே வண்டியை எடுக்கிறோம். இந்த வாகனத்தை அடக்கி ஆளும் ஆற்றல் நமக்குச் சொந்தமானதன்று என்று ஒப்புக்கொள்ளும் துஆ அது. கரும்பனியில் ஒருமுறை சுழன்றவருக்கு அதன் பொருளை விளக்கவேண்டியதில்லை.

ஒளூ செய்த ஈரக்காலோடு மெல்லிய காலுறையில் கிளம்புவது விரல்களுக்குக் கேடு. மரத்துப்போன காலுக்கு மிதிகளின் உணர்வும் இராது. முழு ஒளூவுடன் அணிந்த தோல் காலுறையின்மேல் மஸஹ் செய்ய உள்ளூரில் இருப்பவருக்கு ஒரு பகல் ஓர் இரவும், பயணிக்கு மூன்று பகல் மூன்று இரவும் அனுமதி உண்டு. மற்றக் காலுறைகளைப் பற்றியும், பனிப்பொழிவில் தொழுகைகளைச் சேர்த்துத் தொழுவது பற்றியும் மத்ஹபுகளிடையே வேறுபாடு இருப்பதால் உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிவுபெறுங்கள். தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது கடுங்குளிர் இரவொன்றில் கடமையான குளிப்புக்கு உள்ளான அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், குளித்தால் உயிருக்கு ஆபத்து என அஞ்சித் தயம்மும் செய்து தோழர்களுக்குத் தொழவைத்தார்கள். உங்களை நீங்களே மாய்த்துக்கொள்ளாதீர்கள் என்ற இறைக்கட்டளையை அவர்கள் காரணமாகக் காட்டியபோது நபி (ஸல்) அவர்கள் சிரித்தார்களே அன்றிக் கண்டிக்கவில்லை. குளிரை அஞ்சி உயிரைக் காப்பது ஈமானின் குறைவன்று.

வரப்போகும் ரமளான்கள்

இதை இப்போது எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ரமளான் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னோக்கி நகர்ந்து, குளிர்காலத்தின் நடுவுக்குள் நுழைந்துகொண்டிருக்கிறது. 2030 ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒன்றும் டிசம்பர் இறுதியில் ஒன்றுமாக இரு ரமளான்கள் தொடங்கவிருக்கின்றன, இன்ஷா அல்லாஹ். நோன்பு குறுகியது என்று மகிழ்கிறோம். ஆனால் இஃப்தாருக்கு முந்தைய பசியும், தராவீஹுக்குப் பிந்தைய களைப்பும், ஸஹருக்கு விழித்த உறக்கக் குறைவும் உறைந்த சாலையில் ஒன்றுசேரும். நோன்பு திறக்க விரைவது சுன்னத்துத்தான். அதற்கு வீடு போய்ச் சேரவேண்டும் என்பதில்லை. பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி, பெட்டியில் இருக்கும் பேரீச்சம்பழத்தை எடுத்துப் பிஸ்மில்லாஹ் சொன்னால் அந்தச் சுன்னத்து அங்கேயே நிறைவேறிவிடும். தராவீஹ் முடிந்து கண் சொருகினால், பள்ளியிலேயே அரைமணி நேரம் சாய்ந்துவிட்டுப் புறப்படுவதில் வெட்கமில்லை.

சென்ற ரமளானில் ஓர் இரவு பனிப்புயல் எச்சரிக்கை வந்தது. 511 என்ற எண்ணில் சாலை நிலவரம் கேட்டோம், நன்றாக இல்லை. டயர் புதியது, தொட்டி நிறைந்திருந்தது, ஆயினும் போகவில்லை. இப்போது வளர்ந்துவிட்ட மகள், “பள்ளிக்குப் போகாம இருந்தா நன்மை போயிடாதா?” என்று கேட்டாள். குளிர்ந்து காற்று வீசிய ஓர் இரவில் இப்னு உமர் (ரலி) அவர்கள் பாங்கு சொல்லி, அவரவர் இருப்பிடத்திலேயே தொழுதுகொள்ளுமாறு அறிவித்ததையும், பயணத்தில் குளிரும் மழையும் மிகுந்த இரவுகளில் நபி (ஸல்) அவர்களே அவ்வாறு அறிவிக்கச் சொன்னதையும் அவளிடம் கூறினோம். கூடத்தில் விரிப்பைப் போட்டோம். தனக்குப் பாடமான சிறு சூராக்களை ஓதி இளையவன் இரண்டு ரக்அத் தொழவைத்தான். வெளியே பனி விழுந்துகொண்டே இருந்தது.

நம் உயிரும், பின்னிருக்கையில் இருக்கும் பிள்ளைகளும், எதிரே வரும் முகம் தெரியாத மனிதரும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதங்கள். அமானிதத்தைக் காக்க நம்மால் இயன்றதைச் செய்துவிட்டு, இயலாததை அவனிடம் விடுவோம். இந்த வாரமே உங்கள் வண்டியின் டயரை ஒருமுறை குனிந்து பாருங்கள். ஊரிலிருந்து புதிதாக வந்த குடும்பம் எதையேனும் அறிந்தால், எங்களுக்கு மாமா செய்ததுபோல், அவர்கள் வண்டியையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

யா அல்லாஹ், பயணம் செய்யும் எங்கள் சமுதாயத்தினர் அனைவரையும் பாதுகாப்பாக அவர்கள் வீடுகளுக்குத் திரும்பச் செய்வாயாக. எங்கள் கவனக்குறைவுகளை மன்னிப்பாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.